இயற்பியல் படிச்சவருக்கு வேதியியல் நோபல்



பக்கத்துச் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்தவர் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன். மூணு வயசுலேயே குடும்பம் பரோடா போயிட்டது. அதனால நம்ம ஊர்தான் வளர்த்ததுன்னு பெருமை அடிக்க முடியாது. எனக்கு அவரைப் பிடிக்க வேற காரணம்.

பத்தாவதுக்கு அப்புறம் எந்த குரூப்னு எங்க வீட்டுல இப்பவே பேச்சு. "ஒரு தடவை எடுத்தா எடுத்ததுதான், மாத்த முடியாது" என்பார் அப்பா. வெங்கி 1976-ல் அமெரிக்காவில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கிட்டு, உயிரியல் படிக்க மறுபடி மாணவரா சேர்ந்தார்! பிறகு சுமார் ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டும் பேராசிரியர் வேலை கிடைக்கல.

நம்ம செல்லுக்குள்ள புரதம் தயாரிக்கும் பட்டறை ரைபோசோம். அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் செலுத்தினா புள்ளி புள்ளியா விழும். அந்தப் புள்ளிகளை வச்சுத்தான் அணுக்கள் இருக்கும் இடத்தைக் கணக்குப் போடணும். புள்ளி மட்டும் போதாதாம். அடையாளத்துக்கு ஆஸ்மியம் என்ற கனமான உலோகத்தின் சேர்மத்தைச் சேர்த்தார்கள். 2000-ல் ரைபோசோமின் சிறிய பாகத்தின் அமைப்பை அவர் குழு வெளியிட்டது. சில ஆன்டிபயாடிக் மருந்து கிருமியின் ரைபோசோமில் எங்கே ஒட்டுதுன்னும் தெரிஞ்சது.

2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. யோனத் இஸ்ரேல் நாட்டுப் பெண்மணி. ரைபோசோம் படிகமே ஆகாதுன்னு பலர் சொன்னப்பவே முயற்சி செஞ்சவர். நம்ம ஆளுங்க அவர் பேரைச் சொல்லவே மாட்டேங்கறாங்க!

அறிவியல் அறை ஜன்னலோரம் மயில்துத்தக் கரைசலில் நூல் தொங்கவிட்டிருக்கோம். அஞ்சாம் நாள், கடுகளவு நீலப் படிகம் வந்திருக்கு. வந்து பாருங்க, டம்ளரை மட்டும் ஆட்டாதீங்க.