உப்பளத்திற்கு ஒரு குளிர்பானம்

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். விழுப்புரம் மாவட்டத்தாருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணிலாக்கொட்டை என்ற பெயரே வழக்கில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று என்பர். மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். கடலையோ தென் அமெரிக்காவில் பிறந்தது. மரக்காணம் சாலையோரத்தில் நாம் கல்லெறிந்து பறிக்கும் கொடுக்காப்புளிக்கும் ஆங்கிலத்தில் ‘மணிலாப் புளி’ என்றே பெயர். அதன் தாயகமோ மெக்சிகோவும் அதன் சுற்றுப்புறமும். மெக்சிகோவும் மணிலாவும் நமக்கு எட்டாத ஊர்கள் என்று எண்ணுகிறோம். அவை நம் மடியில் கட்டிய கடலையிலும் வாயில் போட்ட புளியிலும் இருக்கின்றன!

இந்த இரு நாடுகளையும் இணைத்தவை கப்பல்கள். 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், ஸ்பானியக் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்தன. அங்கிருந்து வெள்ளி வந்தது. இங்கிருந்து பட்டும் பீங்கானும் போயின. சரக்கோடு சரக்காக விதைகளும் மனிதர்களும் போனார்கள். அப்படிப் போன பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மெக்சிகோவின் கொலிமா கரையில் தென்னை மரத்தில் பாளை சீவி நீர் இறக்கும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார்கள். ‘தூபா’ என்ற அவர்கள் சொல்லே அங்கே நிலைத்துவிட்டது. இன்றும் கொலிமா வீதிகளில் தூபா விற்கிறார்கள். மேலே ஒரு கை வேர்க்கடலையைத் தூவித் தருகிறார்கள். நம் ஊரில் பதநீர் விற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே காட்சிதான், மரம் வேறு, மொழி வேறு.

இதைப் படித்தபோது, இரு நாட்டுப் பானங்களையும் ஒன்றாகக் கலந்து நம் வீட்டிலேயே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றிற்று. பிலிப்பைன்ஸ் மக்கள் இளநீரில் அதன் வழுக்கையைச் சுரண்டிப் போட்டுக் குளிரக் குளிரக் குடிப்பார்கள். மெக்சிகோ மக்கள் எலுமிச்சைச் சாற்று நீரில் சியா என்னும் விதையை ஊறவைத்துக் குடிப்பார்கள். சியாவுக்கு நான் எங்கே போவேன்? ஆனால் நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா விதை, அதாவது திருநீற்றுப் பச்சிலை விதை, கிடைக்கிறது. இரண்டும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் நீரில் ஊறினால் வழவழப்பான உறை போர்த்துக்கொள்ளும். எலுமிச்சைக்குக் கவலையே இல்லை. மெக்சிகோ எலுமிச்சை என்று உலகம் சொல்வதும் நம் வீட்டு நாட்டு எலுமிச்சையும் ஒரே இனம். ஆசியாவில் பிறந்து, ஸ்பானியர் கையில் அங்கே போய்ச் சேர்ந்தது.

செய்முறை எளிது. ஒரு தேக்கரண்டி சப்ஜாவைக் கால் மணி நேரம் நீரில் ஊறவைக்க வேண்டும். இரண்டு இளநீரை வடிகட்டி, அந்த அளவுக்கே கொதித்து ஆறிய நீரைச் சேர்த்து, இரண்டு எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து, இரண்டு மேசைக்கரண்டி கருப்பட்டித் தூளும் கால் தேக்கரண்டி அயோடின் உப்பும் போட்டுக் கரைக்க வேண்டும். கடைசியில் வழுக்கையும் ஊறிய விதையும். இவ்வளவுதான்.

குளிரவைப்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. மீனவர் குப்பத்தில் மீனுக்குப் போடும் பாளம் ஐஸ் கிடைக்கும். ஆனால் அதைக் குடிக்கும் நீரில் போடலாகாது. இங்கேதான் என் வேதியியல் பாடம் கைகொடுத்தது. பானத்தைத் தூக்கில் ஊற்றி மூடி, அதை ஒரு வாளிக்குள் வைத்தேன். சுற்றிலும் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, அளத்துக் கல்லுப்பு ஒரு பங்கு. உப்பு ஐஸின் மேலுள்ள ஈரத்தில் கரைந்து அதன் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. அதனால் ஐஸ் மேலும் உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்திலிருந்தே இழுத்துக்கொள்கிறது. இவ்வகைக் கலவை சுழியத்திற்குக் கீழே 21 டிகிரி செல்சியஸ் வரைகூட இறங்க வல்லது. குல்பி ஐஸ் செய்பவர்கள் கையாளும் முறையும் இதுவே. தூக்கை அவ்வப்போது சுழற்றிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் பல் கூசும் குளிர்ச்சி! ஊரையெல்லாம் வேகவைக்கும் அளத்தின் உப்பே குளிர்ச்சியும் தருகிறது என்பது வியப்புக்குரியதல்லவா?

இந்தப் பானம் நாவுக்கு மட்டும் அன்று. வியர்வையோடு உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகின்றன. வெறும் நீர் குடித்தால் உப்பின் இழப்பு ஈடாகாது. நம் சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்து உள்ளே போகின்றன. அவற்றின் பின்னே நீரும் போகிறது. 1960இல் ராபர்ட் கிரேன் என்பவர் எடுத்துச் சொன்ன உண்மை இது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து எண்ணற்றோரைக் காத்தார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே ஒரு சிட்டிகை உப்பு அதற்கு நல்ல துணை. சிறுநீரக நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும்.

நிற்க. இதை நான் யாருக்காகச் செய்தேன் என்று சொல்லவில்லையே! என் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாள். விடியுமுன் போய், வெயில் உச்சிக்கு ஏறும்வரை உப்புக் கூடையைத் தலையில் சுமந்து வரப்பின்மேல் நடப்பாள். மேலே சூரியன், கீழே பாத்தி நீரில் இன்னொரு சூரியன். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அந்தக் கட்டணத்தில் அந்தக் கூடையின் கனம் இருக்கிறது. சித்திரை மாதத்தில் ஒரு நாள் தூக்கை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அளத்திற்குப் போனேன். அம்மாவுடன் வேலை செய்யும் பெண்கள் கூடினார்கள். எல்லாரும் சுவைத்துச் சிரித்தார்கள். ஆனால் அரை டம்ளருக்கு மேல் யாரும் வாங்கவில்லை.

“நல்லா இல்லியா பெரியம்மா?” என்றேன்.

“தேனாட்டம் இருக்குது கண்ணு. குடிச்சுட்டு எங்க போயி ஒதுங்கறது? நாலு பக்கமும் வெட்டவெளி. அதான் நாங்க தண்ணியே பாத்துத்தான் குடிப்போம்” என்றாள் அந்தப் பெரியம்மா. அம்மா ஒன்றும் சொல்லாமல் தூக்கை மூடி வைத்தாள்.

நண்பர்களே, இது ஒரு அளத்தின் கதை மட்டும் அன்று. 2017க்கும் 2020க்கும் இடையே தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் 352 பேரை ஆராய்ந்த அறிஞர்கள், பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மீறிய வெப்பத்தில் உழைப்பதைக் கண்டார்கள். சிலருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருப்பதையும் கண்டார்கள். தாகத்தை அடக்கிக்கொண்டு வெயிலில் நிற்பது உடலுக்கு எத்தகைய கேடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் கருத்து. அந்நூலில், வழிநடந்து களைத்து வரும் பாணருக்கு இக்கரை மக்கள் பருகத் தேறலும் உண்ணச் சுட்ட மீனும் தந்து உபசரிப்பார்கள். வந்தவரின் தாகம் தீர்த்த கரை இது. அந்தக் கரையில் உழைப்பவள் தன் தாகத்தைக் கணக்குப் பார்த்துத் தீர்த்துக்கொள்வது முறையா?

இந்தக் கோடையில் நீங்களும் இப்பானத்தைச் செய்து பாருங்கள். வீட்டாருக்கு வயிறாரக் கொடுங்கள். செலவும் மிகுதி இல்லை. ஆனால் உப்பளத்திற்கு எழுதும் செய்முறையில் இளநீர், எலுமிச்சை, உப்பு, இனிப்பு இவற்றோடு இன்னும் இரண்டு பொருள்களைச் சேர்க்க வேண்டும்: நிற்க ஒரு நிழற்கூரை, பெண்கள் போய்வர நீர் வசதியுள்ள ஒரு கழிப்பறை. முன்னவற்றை நாம் வீட்டில் தேடிக்கொள்ளலாம். பின்னவற்றை அளம் நடத்துவோரிடமும் அரசிடமும் கேட்டுப் பெற வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த நாம்தான் அந்த மனுவை எழுத வேண்டும்.