நான் கைமாற்றிய கோல்கீப்பர்

2024 அக்டோபரில் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தபோது, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஹாலிலும் ஓர் ஏலம் நடந்தது. ஏலம் விட்டது ப்ளஸ் டூ படிக்கும் என் மகள். ஸ்கூல் டீமில் ஃபுல்பேக். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வோர் அணிக்கும் எவ்வளவு மிச்சம் என்று எழுதிக்கொண்டிருந்தாள். அந்த அக்கறையை நோட்டின் முன்பக்கங்களில் காட்டியிருந்தால் அவள் அம்மா சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு லீக் திரும்ப வந்திருந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய்தான் வரம்பு. ஒரு ரூபாய் தாண்டக் கூடாது. அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டும். 16 பேராவது இந்தியர்கள், அதில் நாலு பேர் ஜூனியர்கள். வெளிநாட்டுக்காரர்கள் எட்டு பேர்.

கேட்க சுலபமாக இருக்கிறதா? கேப்டன் ஹர்மன்ப்ரீத் சிங்கை சூர்மா கிளப் 78 லட்சத்துக்கு எடுத்தது. ஒரே ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சம் 3 கோடியே 22 லட்சத்தில் 23 பேர். தலைக்கு 14 லட்சம்தான் வரும். நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் வேறு மாதிரி போட்டது. பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நெதர்லாந்து அணியின் யிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம், அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம். மூன்று பேரிலேயே மூன்றில் ஒரு பங்கு காலி.

"ரோஹிதாஸ் ஒலிம்பிக்ல ரெட் கார்டு வாங்கினவராச்சேப்பா!" என்றாள்.

"அவர் வெளியே போனப்புறம் பத்து பேரை வெச்சே இங்கிலாந்துக்காரனை ஜெயிச்சோம். ஆனா அடுத்து ஜெர்மனிகிட்ட செமி ஃபைனல்ல அவர் ஆட முடியாம போச்சே, அப்பதான் அவர் விலை தெரிஞ்சது" என்றேன்.

அதைக் குறித்துக்கொண்டவள், தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஏம்ப்பா, இப்படி விக்கிறாங்களே... அவங்களை ஒரு வார்த்தை கேப்பாங்களா?"

கேட்பார்கள் என்றேன். பேரைக் கொடுப்பவர்களே, ஆரம்ப விலை 2 லட்சமா, 5 லட்சமா, 10 லட்சமா என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பதில் சரிதான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஒருவனைக் கேட்காமல் கொடுத்திருக்கிறேன்.

1994 கோடை. விழுப்புரம் தனி மாவட்டமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புது மாவட்டம் என்ற ஜோரில் எங்கே பார்த்தாலும் டோர்னமென்ட். எனக்கு 22 வயது. திண்டிவனத்தில் நாங்கள் பதினாலு பேர் நடத்திய ஹாக்கி டீமுக்கு நான்தான் செயலாளர். நன்றாக ஆடுபவனை யாரும் செயலாளராகப் போட மாட்டார்கள் என்பதை வைத்து என் ஆட்டத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விழுப்புரத்தில் நாலு நாள் போட்டி. கடை கடையாக ஏறி இறங்கி வசூலித்தது 2,400 ரூபாய். அதுதான் எங்கள் 4 கோடி. நுழைவுக் கட்டணம் 300, பதினாலு பேருக்கு பஸ் 560, சாப்பாடு 840, ஸ்டிக், பந்து வகையில் 400. கையில் நிற்பது 300.

வெளியாள் மூன்று பேர் வரை ஆடலாம் என்று விதி இருந்தது. கெஸ்ட் பிளேயர் என்போம். விழுப்புரம் டீமில் ஒரு சென்டர் ஃபார்வர்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அங்கே ஏற்கெனவே மூன்று நல்ல ஃபார்வர்டுகள் இருந்ததால் அவனுக்கு இடமில்லை. எங்களுக்கோ கோல் போட ஆளில்லை. அவன் கேட்டது 500. இருநூறு ரூபாய் குறைகிறது. விக்கிரவாண்டியில் ஒரு டீக்கடையில் அவர்கள் செயலாளரும் நானும் பேசினோம். அவர்தான் வழி சொன்னார். "எங்க கோலிக்கு கை உடைஞ்சிருக்கு. உங்ககிட்ட ரெண்டு கோலி இருக்காங்க. பெரியவனைக் குடு, இவனை எடுத்துக்க. காசே வேணாம்."

பேப்பரில் போட்டுப் பார்த்தால் எனக்கு லாபம்தான். ஃபார்வர்டும் வருகிறான், 300 ரூபாயும் நிற்கிறது, இரண்டாவது கோலியும் மோசமில்லை. சரியென்று கை கொடுத்துவிட்டேன். இன்னொரு டீயும் அவர் கணக்கில் குடித்தேன்.

அந்தப் 'பெரியவன்' என் பால்ய நண்பன். மல்லாட்டை மண்டியில் கணக்கெழுதிக்கொண்டு, பேடுக்குத் தன் காசில் வார் மாற்றிக்கொண்டு, ஒரு பைசா வாங்காமல் ஆடியவன். அவனிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் விழுப்புரம்காரர்களே அவன் மண்டிக்கு வந்து, "எப்போ பிராக்டீஸுக்கு வர்றே?" என்று கேட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். "என்னைக் குடுத்து இன்னாடா வாங்கினே?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். "நல்ல ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் செமி ஃபைனலில் எதிரெதிரே நின்றோம். வாங்கிய ஃபார்வர்டு குறை வைக்கவில்லை, முதல் இரண்டு ஆட்டத்தில் மூன்று கோல் போட்டிருந்தான். ஆனால் அன்று எங்களுக்கு ஏழு ஷார்ட் கார்னர் கிடைத்தும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எங்கள் அடி எந்தப் பக்கம் வரும் என்று ஆறு வருஷமாகப் பார்த்தவனாயிற்றே அவன். 1-0. முடிந்ததும் அவர்கள் அவனைத் தூக்கினார்கள். அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எங்களோடு பஸ்ஸும் ஏறவில்லை, அடுத்த வண்டியில் வந்தான். அதற்குப் பிறகு யாருக்காகவும் அவன் பேடு கட்டவில்லை. நான் இரண்டு தடவை போய்க் கேட்டேன். மண்டியில் வேலை இருக்கிறது என்றான்.

என் மச்சான் கனடாவில் மார்க்கமில் இருக்கிறான். அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. அவர்கள் லீகில் 2004-05 சீசன் முழுவதும் சம்பளத் தகராறில் நின்றுபோய், அதற்குப் பிறகுதான் சம்பள வரம்பே வந்ததாம். முதல் வருஷம் அணிக்கு 3.9 கோடி டாலர். 2024-25ல் 8.8 கோடி டாலர். அவனுடைய டொரன்டோ அணி நாலே நாலு பேருக்கு அதில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் மற்றவர்களைத் தேற்றிக்கொண்டிருந்தது. போன வருஷம் ஜூலையில் அந்த நாலு பேரில் ஒருவரான மிட்ச் மார்னர் லாஸ் வேகஸுக்குப் போய்விட்டார். பதிலுக்கு இவர்களுக்கு வந்தது நிக்கோலஸ் ருவா என்ற ஒருவர். மார்னர் மார்க்கமில் பிறந்த பையன். மச்சான் போனில் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினான்.

"அவரைக் கேட்டாங்களா?" என்றேன்.

"கேக்காம எப்படி மாமா? அவர் சம்மதம் இல்லாம எங்கேயும் மாத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்திலேயே இருந்துச்சு."

மறுநாள் காலை மண்டிக்குப் போனேன். இப்போது அது அவனுடைய சொந்த மண்டி. கல்யாணம், காரியம் என்று பார்க்கிறோம், பேசுகிறோம். 1994-ஐ மட்டும் இருவரும் தொடுவதில்லை. மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தவன், ஸ்டூலைக் காலால் தள்ளினான்.

"உன்னைக் கேக்காம குடுத்தது தப்புடா" என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

தராசு முள் நிற்கும் வரை பார்த்திருந்தான். எடையை எழுதினான். "கேட்டிருந்தா போயிருப்பேன். நீதான் காசில்லாம அலைஞ்சுட்டு இருந்தியே" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ வந்தது. பேச்சை மாற்ற, கோல்கீப்பருக்கெல்லாம் இப்போது 32 லட்சம் தருகிறார்கள், நம்ம தமிழ்நாடு டீமே அயர்லாந்துக்காரனை அந்த விலைக்கு எடுத்தது என்றேன்.

"அவ்ளோவா!" என்றவன், கொஞ்ச நேரம் கழித்து, "அதுல ரெண்டாவது கோலி யாரு?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்கு போன் அடித்தேன்.