ஊதா நிறத்தின் கணக்கு

தமிழாசிரியருக்கு வேதியியல் ஆய்வகத்தில் என்ன வேலை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தரம் பார்த்தலைக் காணவே செல்கிறேன். செறிவு தெரிந்த ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் செறிவை அறியும் ஆக்சிஜனேற்ற ஒடுக்கச் சோதனை அது.

கூம்புக் குடுவையில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், உடன் நீர்த்த கந்தக அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாது. அதன் குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் செலவழித்துக் கணக்கைக் கெடுக்கும். கரைசலைச் சூடாக்கிப் பியூரெட்டைத் திறக்கின்றனர். முதல் துளியின் ஊதா எளிதில் மறைவதில்லை. வினையில் மாங்கனீசு அயனிகள் பிறந்தபின் அவையே வினையை விரைவுபடுத்த, அடுத்தடுத்த துளிகள் விழுந்தவுடன் நிறமிழக்கின்றன. இந்த மாற்றத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. இறுதியில் ஒரு துளி, வெளிறிய இளஞ்சிவப்பாய் மறையாது நிற்கும். வேறு நிறங்காட்டி வேண்டியதில்லை.

ஒருநாள் ஒரு மாணவிக்கு 20.4 மி.லி. வந்தது. முந்தைய ஆண்டுப் பதிவேட்டில் 20.0 என்றிருந்தது. “அதையே எழுதிவிடு” என்றனர் தோழியர். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்தது. பெர்மாங்கனேட்டோ ஒளிபட்டாலே சிறிது சிறிதாகச் சிதைவது. அதனாலன்றோ ஒவ்வொரு முறையும் அதை அளக்கிறோம்! அவள் மீண்டும் இருமுறை செய்தாள். இருமுறையும் 20.4. அமிலம் 0.1 நார்மல், ஆகவே பெர்மாங்கனேட் 0.098 நார்மல் என்று எழுதிவிட்டுப் பியூரெட்டைக் கழுவச் சென்றாள்.