ஊருக்குக் கொண்டு போகிற சாக்லேட்

டெல்லிப் பக்கம் இருக்கிற நம்மாட்கள் கோடை லீவுக்கு ஊருக்குக் கிளம்பினா பெட்டியில ரெண்டு ஐட்டம் கண்டிப்பா இருக்கும். ஒண்ணு ஆக்ரா பேட்டா, இன்னொண்ணு சாக்லேட். பேட்டா எந்த வெயிலையும் தாங்கிடும். சாக்லேட் கதைதான் வேற. ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினா, மறுநாள் மத்தியானம் நாக்பூர் பக்கம் அடிக்கிற மே மாச அனல்ல ஸ்லீப்பர் கோச்சே அடுப்பு மாதிரி ஆயிடும். சென்னையில இறங்கிப் பார்த்தா சில சாக்லேட் கூழாகியிருக்கும். சிலது மட்டும் வெச்சது வெச்சபடி கிண்ணுன்னு இருக்கும்.

உருகாம வந்ததுதான் ஒஸ்தி சரக்குன்னு எங்க சொந்தக்காரங்க பல பேருக்கு ஒரு நம்பிக்கை. விஷயம் பெரும்பாலும் நேர் எதிர்.

கோகோக் காயை உடைச்சு, உள்ளே இருக்கிற கொட்டையைச் சில நாள் புளிக்க வெச்சு, காய வெச்சு, வறுத்து, தோல் நீக்கி அரைச்சா ஒரு விழுது கிடைக்கும். அந்த விழுதுல ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதுக்குப் பேர் கோகோ வெண்ணெய். பேர்லதான் வெண்ணெய், பாலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1828-ல ஹாலந்துல வான் ஹூட்டன் குடும்பத்துக்காரங்க இந்த விழுதைப் பிழியறதுக்கு ஒரு பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. நம்மூர் செக்குல எள்ளை ஆட்டினா எண்ணெய் தனி, புண்ணாக்கு தனி இல்லையா? அதே கதை. எண்ணெய் இடத்துல கோகோ வெண்ணெய், புண்ணாக்கைப் பொடிச்சா கோகோ பவுடர்.

இந்தக் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில உருகும். நம்ம உடம்புச் சூடு 37. அதனாலதான் கைக்குக் கெட்டியா இருக்கிறது நாக்குல வெச்சதும் கரையுது. சாக்லேட்டோட சுகமே அதுல இருக்கு. அதே காரணத்தாலதான் நாக்பூர்ல கூழாகுது. பாவம், அது என்ன பண்ணும் :-)

இனி வகைகள். டார்க் சாக்லேட்னா கோகோ விழுது, கோகோ வெண்ணெய், சர்க்கரை. இதுல பால் பவுடர் சேர்ந்தா மில்க் சாக்லேட். கேட்க ஈசியா இருக்கு, ஆனா பால்ல இருக்கிற தண்ணி கொழுப்போட சேராது. அதோட மல்லுக்கட்டி 1875-ல வழி கண்டுபிடிச்சவர் சுவிட்சர்லாந்துக்காரர் டேனியல் பீட்டர். வெள்ளை சாக்லேட்ல விழுது கிடையாது. கோகோ வெண்ணெய், பால், சர்க்கரை, அவ்வளவுதான். கசப்பும் கரும்பழுப்பு நிறமும் இல்லாததுக்குக் காரணம் அதுதான். 2017-ல பாரி கேலபோ கம்பெனி ரூபின்னு இளஞ்சிவப்புல ஒண்ணு கொண்டு வந்தாங்க. சாயம் சேர்க்காமலே கொட்டையிலேர்ந்து வர்ற நிறம்னு சொல்றாங்க, லேசாப் புளிக்கும்.

அஞ்சாவது ஒண்ணு இருக்கு. பேர் காம்பவுண்ட். கோகோ வெண்ணெய் விலை ஜாஸ்தி. அதை எடுத்துட்டு, பனை எண்ணெய் வகைக் கொழுப்பைப் போட்டு, கோகோ பவுடரும் சர்க்கரையும் கலந்தா காம்பவுண்ட் ரெடி. பிஸ்கட் மேல பூச்சு, குச்சி ஐஸ் மேல பூச்சு, தெருமுனை பேக்கரி கேக் அலங்காரம் எல்லாம் அனேகமா இதுதான். ஊட்டியில வர்க்கி வாங்கற கையோட ஹோம்மேட் சாக்லேட்னு எடை போட்டு வாங்கறோமே, அதுலயும் பல கடைகள்ல காம்பவுண்ட்தான். நாக்பூரைத் தாண்டியும் கிண்ணுன்னு நிக்கறதும் பெரும்பாலும் இவர்தான். வாயில போட்டா மெழுகு மாதிரி மேலண்ணத்துல ஒட்டும். விஷம் ஒண்ணும் இல்லை, ஆனா சாக்லேட் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கறது? அட்டையைத் திருப்புங்க. எது எடையில அதிகமோ அதை முதல்ல எழுதணும்னு நம்ம நாட்டுச் சட்டம் இருக்கு. கோகோ வெண்ணெய் பேரே இல்லாம, தாவரக் கொழுப்பு முன் வரிசையில நின்னா அது காம்பவுண்ட்.

இவ்வளவு ஆராய்ச்சி நான் பண்ணினது குழந்தைகளுக்காக இல்லை, அப்பாவுக்காக.

அப்பாவுக்கு இருபது வருஷமா சுகர். காபியில சர்க்கரை போச்சு, மாம்பழம் போச்சு, தீபாவளிக்கு ஒரு லட்டுன்னா அதுலயும் கால்வாசிதான். ஒரு நாள் போன்ல, "தம்பி, டார்க் சாக்லேட் சுகருக்கு நல்லதாமே, வாட்ஸப்புல வந்துது. வரும்போது நாலு வாங்கிட்டு வாடா"ன்னார். அம்மா பின்னாலேர்ந்து, "அவர் பேச்சைக் கேட்காதே"ன்னு ஒரு சத்தம். எழுபத்தஞ்சு வயசுல ஒரு மனுஷன் தனக்காகன்னு வாயைத் திறந்து ஒண்ணு கேட்கறார். முடியாதுன்னு சொல்ல மனசு வரலை. சரின்னு சொல்லவும் பயம்.

நொய்டாவுல ஒரு கடையில நின்னு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்தேன். டார்க்னு பெரிசாப் போட்ட ஒரு அட்டையில முதல் பேரே சர்க்கரை. கணக்கு ரொம்ப சிம்பிள். 50 சதவீதம்னு போட்டிருந்தா கோகோ விழுதும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து 50. மீதி கிட்டத்தட்ட எல்லாமே சர்க்கரை. நூறு கிராம்ல 50 கிராம், அதாவது பத்து டீஸ்பூன். 70 சதவீதம்னா ஆறு ஸ்பூன். 85-ன்னா மூணு. சுகர் ஃப்ரீன்னு போட்டதுல பலதுல மால்டிடால்னு ஒரு சர்க்கரை மாற்று இருக்கு. அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏத்தும், கொஞ்சம் கம்மியா. ரெண்டு பட்டையை ஒரேயடியா உள்ளே தள்ளினா வயித்தையும் கலக்கும்.

ஆக, டார்க் சாக்லேட் சுகருக்கு மருந்து கிடையாது. சர்க்கரை கம்மி, கொழுப்பு அதிகம். அவ்வளவுதான். இதையெல்லாம் அப்பாவைப் பார்க்கிற டாக்டர்கிட்ட போன்ல சொல்லிக் கேட்டேன். 85 சதவீதத்துல ஒரு சின்னச் சதுரம், அதுவும் சாப்பாட்டுக் கணக்கில சேர்த்து, தினமும் வேண்டாம்னார். பத்து கிராம் சதுரத்துல ஒன்றரை கிராம் சர்க்கரை.

அந்தத் தடவை ஒரே ஒரு பட்டை வாங்கிட்டுப் போனேன். அப்பா ஒரு துண்டைக் கடிச்சுட்டு, "என்னடா இது, வேப்பங்கொழுந்து மாதிரி இருக்கு"ன்னார். "கடிக்காதீங்கப்பா, நாக்குல வெச்சுக் கரைய விடுங்க"ன்னேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருந்தார். "பரவால்லடா, கடைசியில காபிக்கொட்டை வாசனை வருது"ன்னார். அவர் விட்டது காபி இல்லை, காபியோட ருசியைத்தான்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. மீதிப் பட்டையை அம்மா பீரோவுல வெச்சுப் பூட்டினாங்க. வாரத்துக்கு ரெண்டு சதுரம், அம்மா கையால ரேஷன். மூணு மாசம் கழிச்சு எடுத்த டெஸ்ட்ல பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லை.

இன்னொரு சமாச்சாரம். உருகி மறுபடி கெட்டியான சாக்லேட் மேல வெள்ளையாப் படிஞ்சிருந்தா பூசணம்னு தூக்கிப் போட்டுடாதீங்க. கோகோ வெண்ணெய் மேல வந்து உறைஞ்சதுதான் அது. பார்க்க நல்லா இருக்காது, சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஈரம் பட்டாலும் சர்க்கரை அதே மாதிரி வெளுத்து நிக்கும். ஃப்ரிட்ஜ்ல வைக்கறதா இருந்தா காத்துப் புகாத டப்பாவுல வைங்க.

இந்த லீவுக்குப் பெட்டி கட்டறவங்க, பொடிசுகளுக்கு மில்க் வாங்குங்க. மே மாச ரயிலுக்குக் காம்பவுண்ட்தான் வசதின்னா அதையும் வாங்குங்க, தெரிஞ்சு வாங்கினா தப்பில்லை. வீட்டுல சுகர்காரங்க இருந்தா சதவீதத்தைப் பாருங்க, டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்க ஆசைப்பட்டுக் கேட்டா "உங்களுக்கு ஆகாது"ன்னு எடுத்த எடுப்புல மட்டும் சொல்லிடாதீங்க.