வாத்தியாரின் கை எங்கே?

கணக்கு வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தி யாராவது பார்த்ததுண்டா? ஒரு கையில் சாக்பீஸ் இருக்கும். இன்னொரு கை காற்றில் எதையாவது வரைந்துகொண்டே இருக்கும். கடைசி பெஞ்சில் அதை மிமிக்ரி செய்து சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கையும் பாடம்தான் நடத்துகிறது!

அமெரிக்காவில் சூசன் வாக்னர் குக்கும் அவருடைய சகாக்களும் 2013-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 7 முதல் 10 வயது வரையுள்ள 184 குழந்தைகளுக்கு வீடியோவில் கணக்குப் பாடம். 5+4+3 = ? +3 என்கிற மாதிரியான கணக்குகள். விடை 9. ஆனால் பல குழந்தைகள் 12 என்றோ 15 என்றோ எழுதிவிடுவார்கள். சமக்குறியைப் பார்த்தாலே 'கூட்டி விடையை எழுது' என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது மனதில் ஏறாது.

ஒரு வீடியோவில் ஆசிரியர் வாயால் மட்டும் விளக்கினார். இன்னொன்றில் இந்தப் பக்கத்துக்கு ஒரு கை, அந்தப் பக்கத்துக்கு மறு கை என்று காட்டிக்கொண்டே விளக்கினார். கையைப் பார்த்த குழந்தைகள் அன்றைக்கே நன்றாகச் செய்தார்கள். அதைவிட ஆச்சரியம், 24 மணி நேரம் கழித்து வைத்த தேர்வில் இன்னும் முன்னேறியிருந்தார்கள். பேச்சை மட்டும் கேட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

'கையை ஆட்டும்போது குரலும் பார்வையும்கூட மாறுமே, அதனால் இருக்குமோ?' என்று சந்தேகம் வரலாம். நியாயம்தான். அதனால் குக் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் உருவாக்கிய ஒரு பொம்மை ஆசிரியரைப் பாடம் நடத்த வைத்தார்கள். குரல், பார்வை எல்லாம் ஒன்றே. கையசைவு மட்டும்தான் வித்தியாசம். அப்போதும் கையசைத்த பொம்மையிடம் படித்தவர்களே அதிகம் கற்றார்கள்.

சும்மா கையை வீசினால் போதாது. வாய் சொல்வதைக் கை காட்ட வேண்டும்.

இப்போது பாட வீடியோக்கள் பலவற்றைப் பாருங்கள். திரை முழுக்க ஸ்லைடு. மூலையில் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் ஆசிரியரின் முகம். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. காமிராவைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் தீர்ந்துவிடுகிற குறை இது.

வகுப்பில் என்றால், புரியாத மாணவன் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்கலாம். வீடியோவில் அவன் கைக்கு வேலையில்லை. வாத்தியார் கையாவது தெரிய வேண்டாமா?