இரண்டு பரப்புக் காணி

யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு பெயரளவில்தான் தெரு. உண்மையில் அது ஓர் ஊர். முஸ்லிம் கல்லூரி வீதி, ஆசாத் வீதி, நடுவே ஒழுங்கைகள், பள்ளிவாசல்கள், ஆண் பிள்ளைகளுக்கு ஒஸ்மானியாக் கல்லூரி, பெண் பிள்ளைகளுக்குக் கதீஜா. நம் முன்னோர் நல்லூர்ப் பக்கமிருந்து வந்து குடியேறியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். தையல், இரும்புச் சாமான், நகை, லொறி என்று ஆண்களின் தொழில் பட்டணமெங்கும் பரந்திருந்தது. 1955இல் மாநகர முதல்வராக இருந்த எம். எம். சுல்தானும் எங்களவர்தான்.

பெண்களின் உலகமோ ஒழுங்கைக்குள். வேலிப் பொட்டுக்குள்ளால் கறிக் கோப்பை போய் வரும். நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குச் சட்டியோடு நிற்போம். பெருநாளைக்கு உம்மாவின் வட்டிலப்பம் தெரிந்த தமிழ் வீடுகளுக்கும் போகும். பொங்கலுக்கு அங்கிருந்து புக்கை வரும். உம்மாவின் வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் மிஞ்சாது.

1990 அக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர் சுமார் எழுபத்தையாயிரம் பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். எங்கள் உம்மா உடுத்த சேலையோடு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்.

2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் சிலர் திரும்பிப் போனார்கள். நாங்களும் போய்ப் பார்த்தோம். கூரையில்லை, கதவு நிலையில்லை. சுவருக்குள் மரம் முளைத்திருந்தது. உம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு அது. காணி இரண்டு பரப்பு. வெளியேறும்போது நாங்கள் ஒரு குடும்பம், இப்போது நான்கு குடும்பம். இரண்டு பரப்பில் நான்கு வீடு கட்டுவது எப்படி, சகோதரிகளே?

என் பிள்ளைகள் மூவரும் புத்தளத்தில் பிறந்தவர்கள். எந்த ஊர் என்றால் தயங்காமல் தில்லையடி என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடம், கூட்டாளிகள் எல்லாம் அங்கேதானே.

தங்கச்சி மட்டும் போயே தீருவது என்று தகரக் கொட்டில் போட்டு அங்கே இருக்கிறாள். குடிசைக்குள் மழைத் தண்ணீர் வருகிறதாம், ஆனாலும் பாங்கு சத்தம் கேட்கிறதே என்கிறாள். என் பங்கை அவளுக்கே விட்டுவிட்டேன். தம்பிமாரும் சம்மதித்தார்கள். உறுதி எழுத உம்மா ஒப்பம் வைக்க வேண்டும். இரண்டு வருடமாகியும் வைக்கவில்லை. கேட்டால், "நீயும் வருவாய்தானே மகள்?" என்கிறார்.