கேட்டு எழுதும் வேலை

மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் கோப்பு அடுக்குவதை ஒரு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். நோயாளி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்து அடுக்குவோம். அப்போதுதான் புதுக் கோப்பெல்லாம் ஒரே மூலையில் குவியாமல் நூறு பிரிவுகளுக்கும் பரவும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பிடிபட நாளாவது, எதை நாமாக எழுதக் கூடாது என்பதுதான். கேஸ் ஷீட்டில் மெட்ஃபார்மின் மாத்திரை இருக்கும், லேப் ரிப்போர்ட்டில் ரத்தச் சர்க்கரை 280 என்றிருக்கும். டாக்டர் எழுதிய நோய்ப் பட்டியலில் மட்டும் சர்க்கரை நோய் இருக்காது. நமக்குத் தெரிகிறதே என்று ஐ.சி.டி. நோய்க் குறியீடு போட்டுவிட முடியாது. ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போக வேண்டும். ரவுண்ட்ஸ் நேரத்தில் போனால் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

இறப்புக் காரணச் சான்றிதழில்தான் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன். படிவம் 4-இல் உடனடிக் காரணத்தில் தொடங்கி, அதை உண்டாக்கியது எது, அதற்கும் அடிப்படை எது என்று வரிவரியாக இறங்க வேண்டும். முதல் வரியில் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இதயமும் மூச்சும் நிற்காமல் செத்தவர் யார்? இறந்தவர் வயலில் பாம்பு கடித்து வந்தவராக இருப்பார். அடிப்படை வரி காலியாக இருந்தால் கணக்கில் ஒரு பாம்புக் கடி மறைந்து, ஒரு இதயச் சாவு முளைக்கும். பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. அறிவிப்பு பலிக்க அந்த வரி வேண்டுமே!

பெயரில் இருக்கிறது இன்னொரு வம்பு. நம் ஊரில் இனிஷியல்தானே அடையாளம்? ஆர். லட்சுமி கல்யாணமானதும் எம். லட்சுமி ஆகிறார், கவுன்டரில் புது எண் விழுகிறது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு பழைய எண்ணிலேயே கிடக்கும். 14 இலக்க ஆபா சுகாதார அடையாள எண் வந்துவிட்டதால் இனி இந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வலியோடு வருபவர் அட்டையோடா வருவார்?

அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைக் காட்டும் முன் இதைத்தான் சொல்லித் தருகிறேன்: “அம்மா, கல்யாணத்துக்கு முந்தி இங்க காட்டியிருக்கீங்களா? அப்ப இனிஷியல் என்ன?”